எண்ணிட்ட நூல்

நுழையும்முன்

பலரைச் சென்றடைய வேண்டும் என்பதற்காகவே நூல்கள் அச்சிடப்படுகின்றன. ஆயினும், ‘இத்தனை படிகளுக்குமேல் ஒரு படியும் அச்சிடமாட்டோம்’ என உறுதி கூறி வெளிவரும் நூல்களும் உள்ளன. அவற்றின் ஒவ்வொரு படியிலும் ஓர் எண் இருக்கும். படைத்தவர் தம் கையால் இட்ட ஒப்பமும் இருக்கும். கவிதையும் ஓவியமும் சம பங்காளிகளாக அமையும் இத்தகைய நூல்கள் எவ்வாறு உருவாகின்றன? எண்ணும் ஒப்பமும் எதற்காக இடப்படுகின்றன? இந்நூல்கள் யாருக்கு உரியவை? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

திருப்பூரில் பனியன்மீது படம் பதிக்கும் பட்டறையிலும், சிற்றூர்க் கடைத்தெருவில் அழைப்பிதழ் அச்சிடும் கடையிலும் ஒரே கருவியைக் காணலாம். ஒரு சட்டம், அதில் இழுத்துக் கட்டப்பட்ட மெல்லிய வலைத்துணி, அதன்மேல் மையைத் தள்ளும் ரப்பர் பட்டை. ‘ஸ்கிரீன் பிரிண்டிங்’ என மக்கள் வழங்கும் திரையச்சு இதுவே ஆகும். இதே கருவியால் அச்சிடப்பட்ட படங்களும் நூல்களும் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்கப்படுகின்றன. கருவி ஒன்றாக இருந்தும் மதிப்பு வேறுபடுவது ஏன் என்பதை அறிய, ‘கலைஞர் நூல்’ என்னும் நூல்வகையை முதலில் அறிதல் வேண்டும்.

படமுள்ள நூலும் கலைஞர் நூலும்

பெரும்பாலான நூல்களில் படம் சொல்லுக்குத் துணையாக வருகிறது. படத்தை நீக்கினாலும் கதை குறைவுபடாது. கலைஞர் நூல் அத்தன்மையது அன்று. அதில் தாளின் நிறம், எழுத்தின் வடிவம், பக்கத்தின் மடிப்பு, மையின் தடிப்பு ஆகிய அனைத்தும் பொருள் உணர்த்தும் உறுப்புகளாகின்றன. ஒன்றை மாற்றினால் நூலே மாறிவிடும். தமிழ் மாணவர்க்கு இது முற்றிலும் புதிய கருத்து அன்று. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவியில், சக்கரத்தின் வடிவிலும் பாம்பின் வடிவிலும் எழுத்துகள் அடைக்கப்படும்போது வடிவமும் செய்யுளின் ஒரு பகுதியாகவே அமைகிறது.

ஐரோப்பாவில் இவ்வகைக்கு முன்னோடியாக விளங்கியவர் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் ஆவார். 1789ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘மாசின்மையின் பாடல்கள்’ என்னும் நூலில் கவிதையும் ஓவியமும் ஒரே செப்புத்தகட்டில் பொறிக்கப்பட்டன. அச்சான பக்கங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். இப்பணியில் அவருடைய மனைவி கேத்தரின் உடனிருந்து உழைத்தார். அதனால் அந்நூலின் எந்த இரு படிகளும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

பின்னர், 1900ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து ஓவிய வணிகர் அம்புருவாசு வொல்லார், பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனின் கவிதைகளைப் பியேர் பொன்னாரின் கல்லச்சு ஓவியங்களோடு இணைத்து வெளியிட்டார். ஓவியரைப் படம் வரையும் துணைவராகக் கருதாமல், நூலின் இணை ஆசிரியராகக் கருதும் வழக்கம் இத்தகைய முயற்சிகளால் வலுப்பெற்றது.

இரண்டு மீட்டர் நீளக் கவிதை

கவிதையும் வண்ணமும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் நூலுக்குச் சிறந்த சான்றாக 1913ஆம் ஆண்டில் பாரிசில் வெளிவந்த ஒரு நூலைக் கூறலாம். கவிதையை எழுதியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த பிளேசு சாந்திரார். வண்ணம் அமைத்தவர் உக்ரைன் மண்ணில் பிறந்த ஓவியர் சோனியா தெலோனே. மாசுகோவிலிருந்து சைபீரியா வழியாகத் தொடர்வண்டியில் செல்லும் ஓர் இளைஞனின் பயணமே கவிதையின் பொருள். போரின் நிழல் படிந்த அப்பயணம், இறுதியில் பாரிசு நகரத்தை வந்தடைகிறது.

இந்நூலுக்குப் பக்கங்கள் இல்லை. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரே தாள், விசிறிபோல் மடிக்கப்பட்டிருந்தது. விரித்தால் ஒருபுறம் கவிதை மேலிருந்து கீழாக ஓடும்; மறுபுறம் வண்ண வட்டங்களும் வளைவுகளும் அதனோடு இறங்கி வரும். கவிதை வரிகள் பல்வேறு எழுத்துருக்களில் அச்சிடப்பட்டன. வண்ணங்கள் ‘போஷ்வார்’ என்னும் முறையில் ஏற்றப்பட்டன. தகட்டில் வடிவத்தை வெட்டியெடுத்து, அத்துளையின் வழியே தூரிகையால் வண்ணம் பூசுவதே இம்முறை. வாசகரின் கண் ஒரே நேரத்தில் சொல்லையும் வண்ணத்தையும் காண வேண்டும் என்பது படைப்பாளர் இருவரின் நோக்கமாக இருந்தது.

நூலின் படிகளை 150 என வரையறுத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 150 படிகளையும் விரித்து ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் 300 மீட்டர் உயரம் கிடைக்கும். அது ஈபிள் கோபுரத்தின் உயரத்துக்கு நிகரானது. இங்கு எண்ணிக்கைகூடக் கற்பனையின் பகுதியாகிவிட்டதைக் காணலாம். எனினும், கையால் வண்ணம் ஏற்றும் பணி எளிதன்று. திட்டமிட்ட 150 படிகளும் முழுமை பெறவில்லை.

பட்டுத்திரையின் வழியே

துளையின் வழியே வண்ணம் ஏற்றும் முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘ட’ என்னும் எழுத்தைத் தகட்டில் எளிதாக வெட்டிவிடலாம். ‘ம’ போன்ற எழுத்துகளில் அவ்வாறு இயலாது. எழுத்தின் உள்ளே அடைபட்ட பகுதி தனித்து விழுந்துவிடும். அதைப் பிடித்துநிறுத்த ஏதேனும் ஒரு பிணைப்பு வேண்டும். சப்பானியக் கைவினைஞர்கள் தம் வெட்டுத்தாள்களில் மெல்லிய பட்டிழைகளைப் பிணைப்பாகப் பயன்படுத்தினர். இழைகளுக்குப் பதிலாக ஒரு பட்டுத்துணியையே சட்டத்தில் இழுத்துக் கட்டினால் எந்த வடிவத்தையும் அதில் நிறுத்தலாம் அல்லவா? இக்கருத்தே திரையச்சின் அடிப்படை. 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செசுடர் நகரத்தைச் சேர்ந்த சாமுவேல் சைமன் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று பட்டுக்குப் பதிலாகப் பாலியெசுடர் வலையே பெரிதும் பயன்படுகிறது.

திரையச்சு நடைபெறும் முறை வருமாறு: வலைத்துணியின்மீது ஒளிபட்டால் இறுகும் தன்மையுள்ள பசை பூசி உலர்த்தப்படுகிறது. கறுப்பு நிறத்தில் உருவம் வரைந்த ஒளிபுகு தாளை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சுவர். ஒளி பட்ட இடங்களில் பசை இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடங்களில் இறுகாது. பின்னர் நீரால் கழுவினால், இறுகாத பசை நீங்கி வலைக்கண்கள் திறந்துகொள்ளும். திரையைத் தாளின்மேல் வைத்து, மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே சீராக இழுத்தால், திறந்த கண்களின் வழியே மை தாளில் இறங்கி உருவம் பதியும்.

ஒரு வண்ணத்துக்கு ஒரு திரை வேண்டும். நான்கு வண்ணப் படமாயின் ஒரே தாள் நான்குமுறை திரைக்கடியில் செல்லும். முதல் வண்ணம் உலர்ந்த பின்னரே அடுத்த வண்ணம் ஏற்றப்படும். ஒவ்வொரு முறையும் தாள் அதே இடத்தில் பொருந்த வேண்டும். இம்மியளவு விலகினாலும் வண்ணங்களுக்கிடையே வெள்ளைக் கோடு தெரியும். அத்தாள் ஒதுக்கப்படும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்துப் படங்களும் படத்துக்கு நான்கு வண்ணங்களும் கொண்ட ஒரு நூலை நூறு படிகள் அச்சிட வேண்டும் எனக் கொள்வோம். அதற்கு நாற்பது திரைகள் தேவை. ரப்பர் பட்டையைக் கையால் இழுக்கவேண்டிய முறைகளோ 4000. பழுதாகும் தாள்கள் இக்கணக்கில் சேரா. ‘நூறு படிகள் மட்டும்’ என்னும் சொற்களுக்குப் பின்னால் இத்துணை உழைப்பு உள்ளது.

தெரிந்து தெளிவோம்

திரையச்சு ஓவியத்தைச் ‘செரிகிராப்’ எனவும் அழைப்பர். இலத்தீன் மொழியில் பட்டைக் குறிக்கும் சொல்லையும் கிரேக்க மொழியில் எழுதுதலைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து இப்பெயர் அமைக்கப்பட்டது. விளம்பரத் தட்டிகளுக்குப் பயன்பட்ட அச்சுமுறையிலிருந்து கலைஞர்களின் ஆக்கங்களை வேறுபடுத்திக் காட்டுவதற்காக, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் இச்சொல் வழக்குக்கு வந்தது.

எண்களைப் பற்றிய நூல்

திரையச்சு ஓவியமும் கவிதையும் இணைந்த நூல்களுள் ‘எண்கள்’ என்பது குறிப்பிடத்தக்கது. 1968ஆம் ஆண்டில் செருமனியில் இந்நூல் வெளிவந்தது. ஓவியர் இராபர்ட் இந்தியானா. கவிஞர் இராபர்ட் கிரீலி. இருவரும் அமெரிக்கர். இந்தியானா என்பது ஓவியரின் பிறப்புப்பெயர் அன்று. தாம் பிறந்த மாநிலத்தின் பெயரையே அவர் தம் பெயராக்கிக்கொண்டார். சாலை அறிவிப்புப் பலகைகளிலும் கடைப்பெயர்களிலும் காணப்படும் எழுத்துகளும் எண்களுமே அவருடைய ஓவியப் பொருள்கள்.

ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்களுக்கும் சுழியத்துக்குமாக இந்நூலில் பத்துத் திரையச்சு ஓவியங்கள் உள்ளன. ஒவ்வோர் எண்ணுக்கும் கிரீலி கவிதை எழுதினார். அவருடைய கவிதை சிக்கனமானது. குறுகிய அடிகளால் ஆனது. அக்கவிதைகளின் செருமன் மொழிபெயர்ப்பும் நூலில் இடம்பெற்றது. திரையச்சில் பெயர்பெற்ற சுடுட்கார்ட் நகரத்துத் தொம்பெர்கர் பட்டறை இப்பணியில் பங்குகொண்டது.

இந்தியானாவுக்கு எண்கள் கணக்குக்கு உரியவை மட்டும் அல்ல. அவை மனித வாழ்வின் பருவங்கள். ஒன்று பிறப்பையும் சுழியம் இறப்பையும் குறிக்கும் என்பது அவர் கருத்து. ஆகையால் சுழியம் தொடக்கத்தில் வராமல் ஒன்பதுக்குப் பின்னர், இறுதியில் வருகிறது. ஓவியத்தைப் பார்த்தபின் கவிதையைப் படிப்பவருக்கு அந்த எண் ஒரு பருவமாகத் தோன்றுகிறது. கவிதையைப் படித்தபின் ஓவியத்துக்குத் திரும்புபவருக்கு, அந்தத் தட்டையான வண்ணப் பரப்பில் ஓர் எண்ணின் தனிமையும் துணையும் தெரிகின்றன. ஒன்றை மற்றொன்று விளக்கவில்லை. ஒன்றுக்கு மற்றொன்று இடம்தருகிறது. கலைஞர் நூலின் இயல்பு இதுவே எனலாம்.

பின்னத்தின் பொருள்

திரையச்சு ஓவியத்தின் கீழ்விளிம்பில் பென்சிலால் 12/100 என எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். இப்பின்னத்தில் பகுதி மொத்தப் படிகளைக் குறிக்கிறது; தொகுதி அப்படியின் எண்ணைக் குறிக்கிறது. பன்னிரண்டாவதாக அச்சானது என்பது இதன் பொருள் அன்று. பல வண்ணங்கள் ஏறி உலரும்போது தாள்களின் வரிசை மாறிவிடும். எண்ணிடுவது இறுதியில் நிகழும் செயல்.

இவ்வெண்ணுக்குள் அடங்காத படிகளும் சில உண்டு. ஓவியர் தமக்கென வைத்துக்கொள்பவை ‘கலைஞர் படிகள்’ எனப்படும். முழு அச்சும் இதனை ஒத்திருக்க வேண்டும் என ஓவியர் ஒப்புதல் அளித்த முதற்படி ‘ஒப்புதல் படி’ எனப்படும். ஒப்பம் பெரும்பாலும் பென்சிலாலேயே இடப்படுகிறது. பென்சில் கரி தாளின் இழைகளுக்குள் படிந்து நெடுங்காலம் மங்காது நிற்கும். அச்சான கையொப்பத்திலிருந்து அதைப் பிரித்தறிவதும் எளிது.

நூலாக அமையும்போது கடைசிப் பக்கத்தில் இறுதிக்குறிப்பு ஒன்று இடம்பெறும். தாள், எழுத்துரு, அச்சிட்ட இடம், கட்டமைப்பு, மொத்தப் படிகள் ஆகியவை அதில் கூறப்படும். அதன்கீழ் ஒப்பம் இருக்கும். பிரெஞ்சு ஓவியர் மத்தீசு, 1947ஆம் ஆண்டில் ‘ஜாஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். அறுவை மருத்துவத்துக்குப் பின் உடல் தளர்ந்த நிலையில், வண்ணத்தாள்களைக் கத்தரித்து ஒட்டி அவர் உருவாக்கிய இருபது படங்கள் அந்நூலில் போஷ்வார் முறையில் அச்சிடப்பட்டன. அவருடைய உரைநடைக் குறிப்புகள் அவர் கையெழுத்திலேயே இடம்பெற்றன. விற்பனைக்கென எண்ணிடப்பட்ட படிகள் 250.

திரை இருக்கும்வரை எத்தனை படிகளையும் அச்சிடலாம். ‘250 போதும்’ என்று நிறுத்துவது கருவியின் எல்லை அன்று. மனிதர் தாமே வகுத்துக்கொண்ட எல்லை. அச்சு முடிந்ததும் திரையில் உள்ள உருவத்தைக் கழுவி அழித்துவிடுவர். வாங்கியவர் அறியாமல் மேலும் ஒரு படியை அச்சிட்டால் அப்பின்னம் பொய்யாகிவிடும். ஆதலால் அந்தச் சிறு பென்சில் குறி ஒரு வாக்குறுதியாகும். நூலின் மதிப்பு மையிலும் தாளிலும் மட்டும் அடங்கியிருக்கவில்லை. அவ்வாக்கு காக்கப்படுவதிலும் அடங்கியிருக்கிறது.

ஒப்பமிடாத கைகள்

ஒப்பம் ஓவியருக்கும் கவிஞருக்கும் உரியது. நாலாயிரம் முறை பட்டையை இழுத்த கை யாருடையது? தாளை நூறாவது முறையும் பிசகாமல் பொருத்தியவர் யார்? ஓவியர் கண்ட நீலத்தைக் கலவையில் மீண்டும் கண்டெடுத்தவர் யார்? இவர்களின் ஒப்பம் படத்தில் இடம்பெறுவதில்லை. சில பட்டறைகள் தாளின் மூலையில் தம் முத்திரையை மேடாக அழுத்திப் பதிக்கின்றன. அக்கறையுள்ள பதிப்பாளர்கள் இறுதிக்குறிப்பில் அச்சாளரின் பெயரைச் சேர்க்கின்றனர்.

தமிழ் ஏட்டுச்சுவடிகளின் இறுதியை இங்கு நினைவுகூரலாம். சுவடியைப் படியெடுத்தவர், எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் கடைசி ஏட்டில் குறிக்கும் வழக்கம் இருந்தது. நூலை இயற்றியவர் வேறு, எழுதியவர் வேறு. இருவர் பெயரும் நிலைத்தன. படைப்பில் பலருடைய உழைப்பு கலந்திருக்கும்போது பெயரைப் பகிர்வது அறமாகும். ஒரு கலைஞர் நூலைக் கையில் எடுப்பவர், முன்பக்கத்தைப் போலவே அதன் இறுதிக்குறிப்பையும் படித்தல் வேண்டும்.

யாருக்கான நூல்?

எண்ணிட்ட நூலில் ஒரு முரண் உண்டு. கவிதை எல்லாருக்கும் உரியது. நூறு படிகள் மட்டும் உள்ள நூலோ செல்வருக்கும் அருங்காட்சியகங்களுக்கும் உரியதாகிவிடுகிறது. காலம் செல்லச்செல்ல அதன் விலை ஏறுகிறது. பின்னர் அது படிப்பதற்கான நூலாக இல்லாமல், பூட்டி வைப்பதற்கான முதலீடாகவும் மாறக்கூடும்.

இம்முரணைக் கலைஞர்களே உணர்ந்திருந்தனர். அமெரிக்க ஓவியர் எட் ரூசே, பெட்ரோல் நிலையங்களின் ஒளிப்படங்களைக் கொண்டு 1963இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். முதற்பதிப்பின் 400 படிகளுக்கும் எண்ணிட்டார். பின்வந்த பதிப்புகளில் அவ்வழக்கத்தைக் கைவிட்டார். 1969இல் வெளிவந்த பதிப்பு 3000 படிகள் கொண்டது. குறைந்த விலையில் எவரும் வாங்கக்கூடிய பொருளாகக் கலை இருக்க வேண்டும் என்னும் எண்ணத்துக்கு அந்நூல் ஒரு முன்மாதிரியாயிற்று.

இவ்விரு வழிகளுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றைச் சென்னையில் காணலாம். 1994ஆம் ஆண்டில் கீதா உல்ஃப் தொடங்கிய தாரா பதிப்பகம், கையால் செய்த தாளில் திரையச்சு நூல்களை வெளியிட்டு வருகிறது. 2006இல் வெளிவந்த ‘மரங்களின் இரவு வாழ்க்கை’ என்னும் ஆங்கில நூல் அவற்றுள் புகழ்பெற்றது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கோண்டு ஓவியர்களான பஜ்ஜு சியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேத்தி ஆகிய மூவரும் அதன் படைப்பாளர்கள். பகலில் நிழல் தரும் மரங்கள் இரவில் தம் உண்மை வடிவைக் காட்டும் என்னும் அம்மக்களின் நம்பிக்கையை அவர்கள் தீட்டினர். இரவு என்பதனால் தாள் கறுப்பு நிறத்தில் அமைந்தது. இயந்திர அச்சின் மெல்லிய மை கறுப்புத் தாளில் எடுபடாது. திரையச்சின் தடித்த மையோ அதன்மேல் ஒளிர்ந்து நிற்கும். பொருளும் தாளும் அச்சுமுறையும் இவ்வாறு ஒன்றையொன்று வேண்டி நின்றன. இந்நூலுக்கு 2008இல் போலோஞா நூற்கண்காட்சியின் ராகஸ்ஸி விருது வழங்கப்பட்டது.

அதன் ஒவ்வொரு படியிலும் கையால் எண்ணிடப்படுகிறது. ஆயினும், படிகள் தீர்ந்தால் கதவு அடைபடுவதில்லை. அடுத்த பதிப்பு அச்சாகிறது. அதனால் நூலுக்கு உரிய விலையிலேயே அது விற்பனையாகிறது. எண் இங்கு அரிய பொருள் என்பதைக் காட்டவில்லை. ‘இப்படி ஒரு மனிதரின் கையால் ஆனது’ என்பதைக் காட்டுகிறது.

நிறைவாக

ஒரே கோப்பை நொடிப்பொழுதில் ஆயிரம் பேருக்கு அனுப்பும் காலம் இது. படியெடுத்தல் எளிதாகிவிட்ட நிலையில், ‘இத்தனை போதும்’ என நிறுத்துவது வியப்பாகத் தோன்றலாம். எண்ணிட்ட நூல் இரண்டு செய்திகளைக் கூறுகிறது. ஒவ்வொரு படிக்கும் அதே அளவு கவனம் செலுத்தப்பட வேண்டும் என்பது ஒன்று. கொடுத்த வாக்கை எவரும் பார்க்காதபோதும் காக்க வேண்டும் என்பது மற்றொன்று. அந்நூல் ஒருவருடைய பெட்டிக்குள் பூட்டிக் கிடக்குமா, பலருடைய கைகளில் விரியுமா என்பதைப் படைப்பாளர் மட்டும் முடிவுசெய்ய இயலாது. நூலகங்களும் பள்ளிகளும் வாசகரும் சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவு அது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள திரையச்சுக் கடைக்குச் சென்று, அச்சிடும் முறையை நேரில் கண்டு, படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.

2. வகுப்பில் குழுவாக இணைந்து ஒரு கவிதை இயற்றி, வெட்டுத்தாள் முறையில் வண்ணம் ஏற்றிப் பத்துப் படிகள் உருவாக்குக. எண்ணிட்டு, உழைத்த அனைவரின் பெயரும் அமைய இறுதிக்குறிப்பு எழுதுக.

3. ‘கலைப்படைப்பின் படிகளுக்கு எல்லை வகுப்பது முறையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.